நாலாம் நம்பரின் காலி அறை

அண்ணியைப் பொறுமைசாலி என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமையாவது மண்ணாவது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிற ஒருத்தரை, பல் கடிக்கிற சத்தம் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டு பொறுமைசாலி என்கிறார்கள்.

என் அண்ணனின் மனைவி அவர். வயது ஐம்பத்திரண்டு. நகரும் சுவர் செய்கிற யார்டில் ரப்பர் ஒட்டுகிற வேலை. அந்தச் சுவர்களைக் கொண்டுபோய் வீடுகளில் மாட்டுகிற ஆட்களுக்கு நான் மேஸ்திரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்தில் குறை இருக்கும். விஷயத்தில் இருக்காது.

கொரோனாவுக்கு முன்னால் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் மூன்று பேரும் ஒரே அறை வீட்டில் இருந்தார்கள். அடுப்பு, கட்டில், பீரோ, மகளின் புத்தகம் எல்லாம் அந்த ஒரு அறைக்குள். கதவைத் திறந்தால் கட்டில் காலில் இடிக்கும். இருமல் வந்த அன்றைக்கே அண்ணன் பீரோவைத் திருப்பிப் போட்டு அதன் முதுகுப் பக்கம் படுத்துக்கொண்டான். ஆணி அடித்து ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். போர்வை கண்ணை மறைக்கும். மூச்சை மறைக்குமா?

அண்ணி உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டது.

"வீட்ல தனி ரூம் இருக்கா?"

"இல்லைங்க."

"தனி ரூம் இருந்தா வீட்லயே பாத்துக்கலாம்."

"அதான் இல்லைன்னு சொல்றேனே."

"அப்போ லிஸ்ட்ல போடறேன். காத்திருங்க."

அண்ணன் காத்திருந்தான். மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டுத் திருப்பத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். பெண்டாட்டி பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாது என்று அவனே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். அண்ணி தட்டைப் படியில் வைத்துவிட்டு எட்டுப் படி இறங்கி நிற்பார். அவன் எடுத்துக்கொள்வான். படிக்கட்டு பொது இடம், இங்கே உட்காரக் கூடாது என்று மற்ற வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் அப்போது வேறு ஊரில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். போனில் கத்தத்தான் முடிந்தது. ஐந்தாம் நாள் ஆம்புலன்ஸ் வந்து நாற்காலியோடு இறக்கினார்கள். நாற்காலி மட்டும் திரும்பி வந்தது.

அண்ணி அதைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "உங்க அண்ணன் காய்ச்சல்ல சாகலை தம்பி. இடம் இல்லாம செத்தாரு."

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டி வீடுகள் வந்தன. தொழிற்சாலையில் அறை அறையாகச் செய்து, லாரியில் ஏற்றி, கிரேனால் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள். அடுக்குகிற நாளில் பெரிய கூட்டம் போட்டார்கள். இனிமேல் நோய் வந்தால் யாரும் படிக்கட்டில் உட்கார வேண்டாம், சுவர் உங்களுக்காக நகரும் என்று மேடையில் ஒருத்தர் பேசினார். அண்ணி முதல் வரிசையில் இருந்தார். குடும்பத்தில் ஆளைப் பறிகொடுத்தவர்களுக்கு முன்னுரிமை என்று நாலாம் நம்பர் வீட்டை அவருக்குக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு ஒரு சின்ன அறை உண்டு. அதற்குத் தனி ஜன்னல், தனிக் குளியலறை, வராந்தாவுக்குத் தனிக் கதவு. வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் மடங்குகிற ஐந்து பலகைகள். பேனல் என்போம். மடக்கி வைத்தால் அறையும் வீடும் ஒன்று. நீட்டி மூடிச் சாவியைத் திருகினால் அடியில் ரப்பர் இறங்கி, மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், காற்று புகாது. அறையின் மறுபக்கம், பக்கத்து வீட்டை ஒட்டியும் இதே மாதிரி ஐந்து பேனல். அது எப்போதும் மூடியே இருக்கும். வேண்டுமானால் அதைத் திறந்து இதை மூடி, அறையையே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். குடும்பம் பெருத்தால் வீடு பெருக்கும் என்றார்கள். குடும்பம் சிறுத்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அண்ணி யார்டில் சேர்ந்தது அந்த ரப்பருக்காகத்தான். பேனலின் விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்ததும் இரண்டு பேனலைச் சேர்த்து நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடுவார்கள். இழுக்கும்போது காகிதம் நழுவி வந்தால் ரப்பர் சரியில்லை. கிழிந்தால் சரி. ரப்பர் செக்‌ஷனில் அண்ணியும் இன்னும் நாலு பெண்களும். அவர்களில் ஒருத்தர் காகிதத்தை இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்தச் சுவரையும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாற்றக் கூடாது. இது ஆபீஸ் விதி.

யார்டுக்கு ஒரு வழக்கமும் உண்டு. ரப்பர் ஒட்டுவதற்கு முன்னால், வெறும் விளிம்பில், ஒட்டுகிறவர் பென்சிலால் தேதியும் தன் குறியும் எழுதுவார். பத்து வருஷம் கழித்து ரப்பர் கிழிந்தால் யார் கை என்று தெரியும். மேலே ரப்பர் வந்துவிடுவதால் வேறு யார் கண்ணிலும் படாது.

மூன்று வருஷம் போனது. நோய் மறந்துபோனது. சின்ன அறைகளை ஆளாளுக்கு அடைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் டியூஷன் எடுத்தார். ஒருத்தர் தையல் மெஷின் போட்டார். நான் என்ன யோக்கியன், பழைய மோட்டார், கம்பிச் சுருள், உடைந்த சைக்கிள் என்று போட்டு நிரப்பிவிட்டேன். என் வீடு எதிர் பிளாக்கில். அண்ணி மட்டும் சின்ன அறையில் ஒரு கட்டில், ஒரு பக்கெட், துவைத்த விரிப்பு, அவ்வளவுதான் வைத்திருந்தார். மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகும் அப்படியே.

"சும்மாத்தானே கிடக்கு அண்ணி, என் மோட்டார் ரெண்ட அங்க வைக்கட்டா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"உங்க மோட்டாருக்குக் காய்ச்சலா?" என்றார்.

மூணாம் நம்பர் வீட்டுக்காரர் போனிலேயே கைக்கடிகாரம் விற்கிறவர். வாட்ச்காரர் என்போம். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. அவர்தான் மனுப் போட்டது. நாலாம் நம்பரில் ஒரே ஆள், சின்ன அறை வருஷக் கணக்காகக் காலி, எங்கள் வீட்டில் நாலு பேர் நசுங்குகிறோம் என்று. ஆபீஸ் தன் பதிவேட்டைப் பார்த்தது. பேனலை மூடவோ திறக்கவோ சாவி ஆபீஸிடம்தான் இருக்கும். கூப்பிட்டால் என் ஆட்கள் போய்த் திருகிவிட்டுப் பதிவு செய்வோம். நாலாம் நம்பரில் மூன்று வருஷத்தில் ஒரு பதிவும் இல்லை. 'பயன்படாத இடம்' என்று தாள் வந்தது. சுவரை நகர்த்துகிற வேலை உத்தரவு என் கைக்கு வந்தது.

அண்ணியிடம் போனேன்.

"ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க அண்ணி. மக வருவா போவான்னு எழுதுங்க."

"பொய் எதுக்கு எழுதணும்?"

"அப்போ அறை போயிரும்."

"நீங்கதானே பிரிக்க வரீங்க?"

"ஆமா."

"வாங்க. காப்பி போட்டு வைக்கிறேன்."

இப்படிப் பேசினால் மனுஷனுக்கு எரியுமா எரியாதா?

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனோம். நான், என் ஆள் ஒருத்தன், ஆபீஸிலிருந்து அளவு அதிகாரி. சிவப்புப் புள்ளி அடித்து அளக்கிற கருவி எப்போதும் அவர் கையில் இருக்கும், அதனால் எங்களுக்கு அவர் லேசர். வராந்தாவில் எட்டு வீட்டு ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். வாட்ச்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

நிரந்தரமாக மூடுகிற சுவருக்குப் பழைய ரப்பரை உரித்துப் புதிது ஒட்ட வேண்டும். அண்ணி வீட்டுப் பக்கத்து மூன்றாவது பேனலில் பட்டையைப் பிடித்து இழுத்தேன். வழக்கமாக இழுத்தால் நார் நாராகக் கிழியும். இது வாழைப்பழத் தோல் மாதிரி முழுசாக வந்தது. அப்போதே சந்தேகம். அடிக்கடி உரித்து ஒட்டிய ரப்பர்தான் அப்படி வரும்.

விளிம்பில் பென்சில் எழுத்து. மேலிருந்து கீழே, வரிசையாக. தேதி, வீட்டு நம்பர், என்ன நோய், எத்தனை நாள். '7ம் நம்பர், சின்னவன், அம்மை, 10 நாள்.' '1ம் நம்பர், தாத்தா, இருமல், 8 நாள்.' '6ம் நம்பர், தையல்காரம்மா, காய்ச்சல், 5 நாள்.' எண்ணிப் பார்த்தேன், பதினாலு. ஆபீஸைக் கூப்பிட்டால் சுவரை மூடுவதற்கு முன்னால் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், வேலைத்தலத்துக்குத் தகவல் போகும், வீட்டில் உள்ள எல்லோருக்கும் பதினாலு நாள் வேலை கிடையாது. அதனால் ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. எல்லோரும் அண்ணியிடம் வந்திருக்கிறார்கள். அவர் கம்பியை வளைத்துச் சாவி செய்து, சுவரை மூடி, சாப்பாட்டை வராந்தாக் கதவு வழியாக வைத்து, குணமானதும் திறந்து, பினாயில் போட்டுக் கழுவியிருக்கிறார். யார்டில் வேலை பார்க்கிறவர் சாவி செய்வது தெரிந்தால் வேலை போகும். வீடும் போகலாம்.

பதினோராவது வரி: '3ம் நம்பர், அவரே, காய்ச்சல், 4 நாள்.'

தலையைத் திருப்பி வாட்ச்காரரைப் பார்த்தேன். மனுஷன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

பதிமூன்றாவது வரி: 'தம்பி வீடு, இருமல், 6 நாள்.'

தம்பி நான்தான். போன மழைக்காலத்தில் என் பெண்டாட்டி தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லி ஆறு நாள் போய் வந்தாள். "தங்கச்சி சோறே போடலையா, இப்படி இளைச்சு வந்திருக்கே" என்று நான் கேலி வேறு செய்தேன். என் வீட்டில் இருமல் என்று தெரிந்தால் என் வேலைதான் முதலில் நிற்கும். மேஸ்திரி நானே மறைத்தால் அது எனக்குக் குற்றம். எனக்குத் தெரியாமலே இருந்தால் குற்றம் இல்லை. இவ்வளவையும் இரண்டு பெண்கள் யோசித்திருக்கிறார்கள். நான் சைக்கிளை அடைத்து வைத்திருந்தேன்.

"என்ன மேஸ்திரி, ஏதோ எழுதியிருக்கா?" என்றார் லேசர்.

"யார்டுல போட்ட குறி சார். ரப்பர் நம்பரு" என்றேன்.

"படிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார் அண்ணி. காப்பி டம்ளரோடு வந்து நின்றார்.

"அண்ணி, உள்ள போங்க."

"அறை சும்மா கிடக்குன்னு எழுதியிருக்காங்கல்ல. எவ்வளவு சும்மா கிடந்துதுன்னு தெரிய வேணாமா? படிங்க."

நான் பட்டையை எடுத்து எழுத்தை மூடப் போனேன். அவரே படித்தார். நம்பர் மட்டும், நோய் மட்டும், நாள் மட்டும். ஒவ்வொரு நம்பருக்கும் வராந்தாவில் ஒரு தலை உள்ளே போனது. ஏழாம் நம்பர் கதவு சாத்திக்கொண்டது. ஆறாம் நம்பர் கதவு சாத்திக்கொண்டது. என் பெண்டாட்டிக்கு வந்தபோது மட்டும் "தெரிஞ்சவங்க ஒருத்தங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேனலைத் தூக்கி வராந்தாவில் வீசலாம் போல இருந்தது. பதினாலு தடவை அந்த அறையில் படுத்து எழுந்தவர்களில் ஒரு வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அண்ணனைப் படிக்கட்டிலிருந்து எழுந்திருக்கச் சொன்ன ஜனங்களும் இவர்களும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

லேசர் போனில் படம் எடுத்தார். "அம்மா, இது பயன்பாடு இல்லை. அனுமதி இல்லாம பதினாலு தடவை சுவர நகர்த்தியிருக்கீங்க. வீட்டு ஒதுக்கீடே ரத்தாகலாம்."

"கேட்டா நோட்டீஸ் ஒட்டுறீங்க. கேக்காம மூடினா ரத்து. அப்போ எதுக்கு சார் இந்தச் சுவத்துக்கு சக்கரம் வச்சீங்க?"

"அதெல்லாம் விசாரணைல சொல்லுங்க. மேஸ்திரி, புது ரப்பர் ஒட்டி வேலைய முடிங்க."

"பென்சில் இருக்கட்டும். அழிச்சிராதீங்க" என்றார் அண்ணி. அதன் மேலேயே ஒட்டினேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் ரப்பர் ஒட்டியதில்லை. ஒட்டி முடித்து எழுந்தேன்.

"காகிதச் சோதனைக்கு ஆள் வேணும் சார்" என்றேன்.

லேசருக்கு முகம் மாறியது. தன் வீட்டுச் சுவருக்கு அண்ணி கையெழுத்துப் போட முடியாது. யார்டுக்குப் போன் போனது. அரை மணியில் ரப்பர் செக்‌ஷனிலிருந்து ஒரு பெண் வந்தது. அண்ணி முகத்தைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, காகிதத்தை நடுவில் வைத்து மூடச் சொல்லி நோகாமல் தொட்டது.

"நழுவுது சார்."

"நல்லா இழும்மா."

"இழுத்தேன் சார். நழுவுது."

இரண்டாவது பெண் வந்தது. அதுவும் நழுவுது என்றது. மூன்றாவது அம்மா பெரியவர், மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறி வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தில் கையே வைக்காமல் சொன்னார். "வெண்ணெய் மாதிரி நழுவுது."

நாலாவது பெண் பிரசவ விடுப்பில் இருந்தது.

லேசர் பொறுக்க மாட்டாமல் தானே பிடித்து இழுத்தார். காகிதம் டர்ரென்று கிழிந்து பாதி அவர் கையில் வந்தது. "இதென்ன, கிழியுதே?"

"உங்களுக்குக் கிழியுது சார்" என்றார் மூட்டுவலி அம்மா. "கையெழுத்து நாங்கல்ல போடணும்."

கையெழுத்து இல்லாத சுவர், கைமாறாத சுவர். லேசர் அண்ணியின் வளைந்த சாவியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார்.

இதைப் படித்து ஜெயித்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அண்ணியை யார்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள், விசாரணை முடியும் வரை. இரண்டு மாதம் ஆகிறது, விசாரணைக்குத் தேதியே வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து பக்கத்துக் கடைக்குத் துணிப்பை தைக்கிறார். என்னை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி லோடு தூக்கப் போட்டார்கள். அண்ணன் பார்த்த வேலை. அந்த மூன்று பெண்களுக்கும் விளக்கம் கேட்டுத் தாள் போயிருக்கிறது.

பெண்டாட்டியிடம் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் சின்ன அறையிலிருந்து மோட்டாரையும் சைக்கிளையும் இறக்கி வெளியே போட்டேன். அவள் துடைப்பத்தோடு வந்து, "உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்றாள். அதற்குப் பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது?

போன ஞாயிறு மத்தியானம் அண்ணி வீட்டில் இருந்தேன். கதவைத் தட்டினார்கள். வாட்ச்காரர். வாயில் கர்ச்சீப். பின்னால் அவர் பெண்டாட்டி, இடுப்பில் மூன்று வயது மகள், போர்வைக்குள் சுருண்டு இருமிக்கொண்டு.

"அக்கா," என்றார். மனுப் போட்ட பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் அக்கா. "பெரியவனுக்குப் பரீட்சை. வீட்ல ஒரே பெட்டி. வேற வழி தெரியலை."

நான் எழுந்துவிட்டேன். "மனு போட்டீங்களே, அதுல இடம் கேட்டீங்களே, அங்க போய்க் கேளுங்க. ஆபீஸ்ல கட்டில் போட்டுத் தருவாங்க."

"தம்பி."

"நீங்க சும்மா இருங்க அண்ணி. வெக்கம்னு ஒன்னு வேணாம்? கடிகாரம் வைக்க அறை கேட்ட ஆளுய்யா நீ."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குழந்தை இருமியது. அண்ணி அந்தப் பெண்ணைப் பார்த்து வராந்தாப் பக்கக் கதவைக் காட்டினார். தாயும் பிள்ளையும் உள்ளே போனார்கள். நான் பேனல்களை நீட்டினேன். பழைய சாவி போனால் என்ன, கம்பியை வளைக்க எனக்கு இருபது நிமிஷம். வளைத்து முன்பே கொடுத்திருந்தேன்.

மூன்றாவது பேனலை மூடுவதற்கு முன்னால் அண்ணி என்னை நிறுத்தினார். ரப்பர் பட்டையை ஒரு முனையில் பிடித்து உரித்தார். நான் அவ்வளவு கவனமாக ஒட்டியது. பதினாலு வரிக்குக் கீழே இடம் இருந்தது. பென்சிலை வாட்ச்காரரிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க."

"நானா? ஆபீஸ்ல பாத்தா என் கையெழுத்துன்னு..."

"பாக்கட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தையின் இருமல் நிற்கவில்லை. குனிந்து எழுதினார். தேதி, 3ம் நம்பர், தாயும் மகளும், இருமல். பென்சிலைத் திருப்பிக் கொடுக்கப் போனவரை நான் விடவில்லை.

"பேரையும் போடுங்க. முழுப் பேரு."

போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார். அண்ணி என்னைப் பார்த்துவிட்டுப் பென்சிலை வாங்கிக்கொண்டார்.

ரப்பரை அதன் மேல் வைத்து அழுத்தி ஒட்டினேன். பேனலை மூடிச் சாவியைத் திருகினேன். அடியில் ரப்பர் இறங்கி உட்கார்ந்தது. அண்ணி பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தார். வைத்து மூடி இழுத்தேன்.

பாதிதான் கைக்கு வந்தது.